தொடாமலே சுடும் நிலம்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் ரோல்பிளே ஆட்டங்களில், எரிமலைக் குழம்பைப் போல ஆசையோடு வரையப்பட்டு அதே அளவு அலட்சியமாகக் கையாளப்படும் நிலப்பரப்பு வேறு இல்லை. கட்டம் போட்ட தாளில் சிவப்பு மார்க்கரால் ஓர் ஆற்றை இழுத்து, அதன் குறுக்கே ஒரு பாலத்தையும் போட்டுவிட்டால் களம் தயாராகிவிட்டது என்று ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்களாகிய நாம் நினைத்துக்கொள்கிறோம். யாராவது விழும்வரை அந்த ஆறு எதுவும் செய்வதில்லை; விழுந்த பிறகு ஒரே ஓர் எண்ணாகச் சுருங்கிவிடுகிறது. அந்தக் குழம்பின், அதாவது லாவாவின், பக்கத்தில் நிற்பதே ஒரு பிரச்சினையாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்காக என் மேசையில் செய்துவைத்திருக்கும் ஏற்பாடுகளை இங்கே எழுதிவைக்கிறேன். நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, 2014இல் வந்த விதிகள். வேறு ஆட்டம் ஆடுபவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

முதலில் அச்சில் இருக்கும் விதியைப் பார்த்துவிடலாம். இதே ஆட்டத்தின் 2003இல் வந்த 3.5 பதிப்பில், லாவாவைத் தொட்டால் ஒரு சுற்றுக்கு, அதாவது எல்லாரும் ஒருமுறை ஆடி முடிக்கும் நேரத்துக்கு, இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டிக் கூட்டினால் வரும் அளவு சேதம். முழுவதுமாக உள்ளே விழுந்தால் இருபது பகடை. சராசரியாகச் சொன்னால் 7, 70. வெளியே ஏறிய பிறகும் ஒன்று முதல் மூன்று சுற்றுகள் வரை பாதிச் சேதம் தொடரும். தீ ஒன்றும் செய்யாத உயிரை லாவாவும் ஒன்றும் செய்யாது, ஆனால் தலைக்கு மேல் மூடிக்கொண்டால் மூச்சு முட்டிச் சாகலாம் என்று ஒரு நல்ல வரியும் அதில் இருந்தது. 2014 கையேட்டில் இவ்வளவு விரிவு இல்லை. எதிர்பாராத ஆபத்துகளுக்கான பொதுப் பட்டியலில், லாவா ஓடையில் இறங்கி நடந்தால் பத்து பத்துமுகப் பகடை என்றும், மூழ்கினால் பதினெட்டு என்றும் இரண்டு இடங்களில் வருவதோடு சரி. சராசரி 55, 99.

இந்த எண்கள் பெரியவை போலத் தோன்றும். ஆனால் கான்ஸ்டிடியூஷன் என்ற உடல் உறுதி கொஞ்சம் நன்றாக உள்ள பத்தாம் நிலை மந்திரவாதிக்கு 62 ஹிட் பாயின்ட், அதாவது சேதத்தைக் கழித்துக்கொண்டே வரும் உயிர்ப் புள்ளி, இருக்கும். பட்டு அங்கியோடு லாவா ஓடையில் இறங்கும் அந்தக் கிழவர், சராசரி விழுந்தால் 7 பாயின்ட் மிச்சத்தோடு கரையேறி, எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து, மறுநாள் காலையில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் நடந்துபோவார். அதே பட்டியலின் அடிமட்டத்தில் கனல் சுட்டால் ஒரு பத்துமுகப் பகடை என்று இருக்கிறது. சாதாரணக் குடிமகனுக்கு இந்த விதிகளில் உள்ளதோ 4 ஹிட் பாயின்ட். அந்தக் கணக்குப்படி, ஆடி மாதம் அம்மன் கோயிலில் பூக்குழி இறங்குகிறவர்களில் பத்துக்கு ஏழு பேர் மறுகரை சேரமாட்டார்கள். கனல் எடை குறைவானது, வெப்பத்தை மெதுவாகக் கடத்துவது, ஒவ்வோர் அடியும் அதன்மேல் நொடிக்கும் குறைவான நேரமே படுகிறது. அதனால் இறங்குகிறவர்கள் நலமாகவே மறுபக்கம் ஏறுகிறார்கள். பட்டியலைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. வெப்பம் எவ்வளவு என்பதோடு எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், நடுவில் என்ன இருக்கிறது என்பனவும் சேர்ந்துதான் காயத்தை முடிவு செய்கின்றன. பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை.

உண்மையான லாவா இந்த விஷயத்தில் நல்ல ஆசிரியர். ஹவாயிலும் ஐஸ்லாந்திலும் வெளிப்படும் பசால்ட் குழம்பு ஏறத்தாழ 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அந்த வெப்பநிலையில் திறந்து கிடக்கும் பரப்பு, சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோவாட் வெப்பத்தைக் கதிர்களாக வீசுகிறது. உச்சி வெயில் அதே சதுர மீட்டருக்குத் தருவது ஒரு கிலோவாட் மட்டுமே. ஆனால் மேற்பரப்பு காற்றுப்பட்டு ஆறி, கறுத்து, 500 டிகிரிக்கு இறங்கிவிட்டால் வீச்சு பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதனால்தான் வெளிச்சமாக ஓடும் வாய்க்காலை நெருங்க முடியாத ஆய்வாளர்கள், மெல்ல ஊர்ந்துவரும் பாய்வின் கறுத்த முனைக்கு மட்டும் போய், சுத்தியலால் ஒரு பிசிறு எடுத்து, வாளித் தண்ணீரில் போட்டுக்கொண்டு திரும்ப முடிகிறது.

அடர்த்தியும் கவனிக்க வேண்டிய ஒன்று. உருகிய பசால்ட் தண்ணீரைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனமானது. குழைவு தண்ணீரைவிடப் பல்லாயிரம் மடங்கு. மனித உடல் அதில் மூழ்காது, ஐந்தில் இரண்டு பங்கு அமிழ்ந்து மேலேயே கிடந்து எரியும். மூழ்கினால் பதினெட்டுப் பகடை என்ற வரியே, உயரத்திலிருந்து வேகமாக வந்து விழுந்தவருக்கு அல்லது மேலிருந்து குழம்பு கொட்டியவருக்கு மட்டும்தான் பொருந்தும். புதைமணலுக்கும் இதே கதைதான். அதுவும் உடலைவிட அடர்த்தியானது, இடுப்பளவுக்கு மேல் இழுக்காது, ஆனால் புத்தக விதியோ தலைவரை இறக்கிவிடுகிறது.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். என் மேசையில் லாவாவின் நிறம்தான் முதல் விதி. ஒளிரும் பொருளின் நிறம் அதன் வெப்பநிலையைக் காட்டிக்கொடுக்கும்: மங்கிய சிவப்பு என்றால் 600 டிகிரி அளவு, ஆரஞ்சு என்றால் 900க்கு மேல், பொன்மஞ்சள் என்றால் 1,100ஐ ஒட்டி. ஆகவே நான் விவரிக்கும்போது நிறத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. ஆட்டக்காரர்களும் இப்போது நிறத்தைக் கேட்காமல் அடியெடுத்து வைப்பதில்லை. மஞ்சள் வாய்க்காலிலிருந்து இரண்டு கட்டத் தூரத்துக்குள், அதாவது 10 அடிக்குள், யாருடைய முறை முடிந்தாலும் ஓர் ஆறுமுகப் பகடை தீச்சேதம். ஆரஞ்சுக்கு ஒரு கட்டம். இதைத்தான் வெப்ப வளையம் என்கிறேன். மங்கிய சிவப்பு தொட்டால் மட்டும். வெப்பக் கதிர் நேர்கோட்டில் பாய்வது என்பதால், இடையில் ஒரு பாறையோ, தூணோ, நிமிர்த்திய கதவோ இருந்தால் சேதம் கிடையாது. இந்தக் கடைசி வரி என் களங்களை மாற்றியதுபோல வேறு எதுவும் மாற்றவில்லை. அம்புக்கு மறைவு தேடியவர்கள் இப்போது ஆற்றுக்கும் மறைவு தேடுகிறார்கள். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இருக்கும்படி பாறைகளை வைப்பது என் வேலை.

இரண்டாவது, குகைக்குள் தேங்கும் வெப்பம். கடும் வெப்பத்துக்குப் புத்தகத்தில் விதி இருக்கிறது: குடிநீர் இல்லாமல் கழியும் ஒவ்வொரு மணி நேரத்தின் முடிவிலும் ஒரு கான்ஸ்டிடியூஷன் சேவிங் த்ரோ (ஆபத்திலிருந்து தப்ப இருபதுமுகப் பகடையை உருட்டுவது), இலக்கு 5இல் தொடங்கி மணிக்கு ஒன்று ஏறும், தவறினால் ஒரு படி களைப்பு, ஆறாவது படி மரணம். பாலைவனப் பயணத்துக்காக எழுதப்பட்ட இந்த விதியில், மணி என்று இருக்கும் இடத்தில் நிமிடம் என்று போட்டு, தண்ணீர் இருந்தாலும் தப்ப முடியாது என்று சொல்லிவிட்டால், லாவாக் குகைக்கு அளவெடுத்துத் தைத்தது போல் ஆகிவிடுகிறது. கனத்த கவசம் அணிந்தவர்கள் இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும் என்பது அதே விதியிலேயே இருக்கிறது. சண்டை வழக்கமாகப் பத்துச் சுற்றுக்குள், அதாவது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் பகடை உருட்டலும் பெருகாது.

மூன்றாவது, கறுத்த ஓடு. ஓடும் குழம்பின் மேல் ஆறி இறுகிய மேற்பரப்பு எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கு நான் புதிதாக எதையும் எழுதவில்லை. பனிக்கட்டி விதியைக் கடன் வாங்கிக்கொண்டேன். மெல்லிய பனிக்கட்டி, 10 அடிச் சதுரத்துக்கு மூன்று பத்துமுகப் பகடையைக் கூட்டிப் பத்தால் பெருக்கினால் வரும் பவுண்டு எடையைத் தாங்கும் என்கிறது கையேடு. சராசரி 165 பவுண்டு, ஏறத்தாழ 75 கிலோ. ஆட்டத்துக்கு முன்பே ஒவ்வொரு சதுரத்துக்கும் உருட்டி என் தாளில் குறித்துவைத்துவிடுவேன். அது விதியாக இல்லாமல் நிலமாக ஆகிவிடுகிறது, என் மனநிலைக்கு ஏற்ப மாறாது.

இது மேசையில் எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு காட்சி. முழுத்தகட்டுக் கவசம் அணிந்த குள்ளர் வீரன், பதுங்கிச் செயல்படும் ரோக் பெண் ஒருத்தி, மந்திரவாதி ஆகிய மூவரும் 40 அடி அகலமுள்ள கறுத்த ஓட்டைக் கடக்க வேண்டியிருந்தது. வெடிப்புகளின் வழியே ஆரஞ்சு தெரிந்தது. ரோக் முதலில் கயிற்றில் கட்டிய கல்லை எறிந்து பார்த்தாள். கல் தங்கியது, ஆனால் கல்லின் எடை அவளுடைய எடையில் பாதிகூட இல்லை என்று மந்திரவாதியை ஆடுபவர் நினைவூட்டினார். குள்ளர் 150 பவுண்டு, கவசம் 65 பவுண்டு. சராசரிச் சதுரம் அவரைத் தாங்காது. கவசத்தைக் கழற்றலாமே என்றார்கள். கழற்ற ஐந்து நிமிடம் ஆகும், இன்னொருவர் உதவினால் பாதி. அந்த நேரம் முழுவதும் நிமிடத்துக்கொரு சேவிங் த்ரோ, அதுவும் கவசம் உடலில் இருக்கும்வரை இரண்டில் குறைந்தது. இதைச் சொன்னதும் மேசையில் யாரும் பகடையைத் தொடவில்லை. வெகுநேரம் வாக்குவாதம்தான் நடந்தது. கடைசியில் அவர்கள் தேர்ந்தெடுத்த வழி, குள்ளரை அவருடைய கேடயத்தின்மேல் குப்புறப் படுக்கவைத்து, அக்கரையிலிருந்து கயிற்றால் இழுப்பது. எடையைப் பரப்பினால் ஓடு தாங்கும் என்பது சரியான யோசனை. அந்த ஒரு கடப்புக்குச் சதுரங்களின் எண்ணை இரட்டித்துக்கொண்டேன். கேடயத்தின் தோல்வார் கருகிப்போனது, குள்ளரின் தாடியில் பாதியும்.

தண்ணீர் ஊற்றினால் என்ன என்று எல்லா மேசையிலும் ஒருவர் கேட்பார். கேட்கத்தான் வேண்டும், ஏனென்றால் அது நடந்திருக்கிறது: 1973இல் ஐஸ்லாந்தின் ஹெய்மயீ தீவில், துறைமுகத்தை மூட வந்த லாவாவின்மேல் மாதக்கணக்கில் கடல்நீரைப் பீய்ச்சி அதன் வேகத்தைத் தணித்தார்கள். ஆனால் அங்கே பெரிய பம்புகளும் பக்கத்தில் கடலும் இருந்தன. முதல் நிலையில் நீர் வரவழைக்கும் மந்திரம் தருவது 10 காலன், அதாவது 38 லிட்டர். அது முழுவதும் ஆவியாகும் அளவுக்கு வெப்பத்தை உறிஞ்சினாலும், 5 அடிச் சதுரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு ஓடு கட்டும், அவ்வளவுதான். ஒரு சுற்றுக்கு மட்டும் ஓர் ஆளைத் தாங்கும் ஓடு என்று நான் அனுமதிக்கிறேன். கூடவே கிளம்பும் நீராவி அந்தச் சதுரத்தைச் சுற்றிப் பார்வையை மறைத்துவிடும். நல்ல வீரசாகசத்துக்கு அதுவே அதிகம்.

இவ்வளவுக்கும் பிறகு உள்ளே விழுந்தால் என்ன ஆகும்? புத்தக எண்ணை அப்படியே வைத்திருக்கிறேன், இரண்டு திருத்தங்களோடு. லாவாவில் பட்ட காயம் ஓர் இரவுத் தூக்கத்தில் ஆறாது. உயர்ந்த மந்திரமோ, கோயிலில் சில வாரங்களோ வேண்டும். தீ எதிர்ப்பு உள்ளவர்களுக்கு வெப்ப வளையத்தில் சேதமே இல்லை, தொட்டால் பாதி. தீயே தாக்காதவர்கள்கூட அந்தக் குழைவுக்குள் நீச்சலடிக்க முடியாது. தாண்டுவது சேற்றைத் தாண்டுவதைவிடக் கடினம், ஏறிய பிறகு உடலில் ஒட்டிய குழம்பு கல்லாக இறுகி இயக்கத்தைக் கட்டிப்போடும். பையில் இருப்பதையும் மறந்துவிடக் கூடாது. வெள்ளி 962 டிகிரியில் உருகும், பொன் 1,064இல், செம்பு 1,085இல். எஃகுக்கு 1,400 டிகிரிக்கு அருகிலோ அதற்கு மேலோ வேண்டும். ஆகவே விழுந்தவரின் வாள், பதம் கெட்டுப்போனாலும், வாளாகவே மீளும். காசுப் பை மட்டும் ஒரே கட்டியாக வரும். இதைக் கேட்டபோது சிலர் முகத்தில், கூட்டாளியை இழந்தபோதுகூட காணாத துயரத்தைக் கண்டேன்.

தள்ளிவிடுவது தனிப் பிரச்சினை. லாவா வரையப்பட்ட மறுகணமே மேசையில் உள்ள எல்லாருக்கும் ஒரே எண்ணம்தான் தோன்றும். எதிராளிகளுக்கும் அந்த எண்ணம் தோன்றாவிட்டால் அவர்கள் முட்டாள்களாகத் தெரிவார்கள், தோன்றினால் ஒரே உருட்டலில் ஒருவரின் ஈராண்டுக் கதாபாத்திரம் போய்விடும். 2008இல் வந்த நான்காம் பதிப்பைப் பலரும் திட்டுவார்கள், ஆனால் இந்த இடத்தில் அது சொன்னதுதான் சரி: விளிம்புக்கு அப்பால் தள்ளப்படுபவருக்கு ஒரு சேவிங் த்ரோ உண்டு, இருபதுமுகப் பகடையில் 10 அல்லது மேல் விழுந்தால் விளிம்பிலேயே விழுந்து கிடப்பார். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன், இரு தரப்புக்கும். விளிம்பில் விழுந்து கிடப்பவர் வெப்ப வளையத்துக்குள் இருக்கிறார், எழுந்திருக்க நகர்வில் பாதி போகும், பக்கத்தில் தள்ளியவர் நிற்கிறார். யாரோ ஓடிவந்து கையைக் கொடுக்க வேண்டும். சண்டையின் மிக நல்ல சுற்று பெரும்பாலும் அதுதான்.

காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எரிமலைப் பகுதிகளில் ஆளைக் கொல்வதில் குழம்பைவிட வாயு தேர்ந்தது. கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. பள்ளத்தில் தேங்கும், நிறமோ எச்சரிக்கையோ கிடையாது. 1986இல் கேமரூனின் நியோஸ் ஏரியிலிருந்து ஓரிரவில் வெளியேறி, பள்ளத்தாக்குகளின் வழியே வழிந்து, 1,700க்கும் மேற்பட்டோரைக் கொன்றது அதுதான். நேப்பிள்ஸ் நகருக்கு அருகே நாய்க்குகை என்றே பெயர் பெற்ற ஒரு குகை உண்டு. அங்கே நிற்கும் மனிதனுக்கு ஒன்றும் ஆகாது, கூட வந்த நாய் மயங்கி விழும். ஆட்டத்தில் இதன் பொருள், முதலில் பாதிக்கப்படுவது குள்ளரும், அரையாள் என்ற குட்டை இனத்தவரும், மந்திரவாதியின் வளர்ப்புப் பூனையும் என்பதே. பாழுங்கிணற்றில் இறங்கும் முன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் வழக்கம் நம்மூரில் உண்டு. தீப்பந்தத்தை முழங்கால் அளவுக்குத் தாழ்த்திப் பார்க்கிறேன் என்று சொல்லும் ஆட்டக்காரருக்கு நான் பகடை கேட்பதில்லை, சுடர் அணைகிறது என்று மட்டும் சொல்வேன். கந்தக வாயு வேறு வகை: அது தொண்டையைப் பிடிக்கும். அது சூழ்ந்த இடத்தில் வாய்விட்டு உச்சரிக்க வேண்டிய மந்திரத்துக்கு ஒரு சேவிங் த்ரோ, ஈரத்துணி கட்டியிருந்தால் தேவையில்லை.

பதினைந்தாம் நிலைக்கு மேல் இவை எல்லாம் தளர்ந்துவிடும் என்பது உண்மை. பறக்கும் மந்திரம் இருக்கிறது. அடிபட்டுக் கவனம் சிதறினால் விழுவார்கள் என்ற பயம் இருந்தாலும், அந்த நிலையில் அவர்கள் விழுவதற்கும் விடை வைத்திருப்பார்கள். அங்கே நான் லாவாவைக் குகையிலிருந்து வெளியே எடுத்து ஊரை நோக்கி விடுகிறேன். 2018இல் ஹவாயின் கீலவேயா வெடித்தபோது 700க்கும் மேற்பட்ட வீடுகள் போயின, ஒருவரும் சாகவில்லை. குழம்பு வந்த வேகம் அப்படி, பெட்டி படுக்கையை எடுத்துக்கொண்டு போக நேரம் இருந்தது, நிறுத்தத்தான் வழியில்லை. நூறு ஹிட் பாயின்ட் உள்ளவருக்கும் நாலு உள்ளவருக்கும் அந்த எதிராளி ஒன்றேதான்.

இப்போது அப்படி ஓர் ஆட்டத்துக்குத்தான் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன், மூலம் சிசிலித் தீவின் எட்னா எரிமலை 1669ஆம் ஆண்டு வெடித்த கதை. கட்டானியா நகரை நோக்கி லாவா இறங்கியபோது, தியேகோ பப்பலார்தோ என்பவர் சில பத்துப் பேரோடு, நனைத்த மாட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு, இரும்புக் கம்பிகளால் லாவா வாய்க்காலின் இறுகிய கரையை உடைத்தார். குழம்பு திசை மாறத் தொடங்கியது. மாறிய திசையில் பத்தெர்னோ என்ற ஊர் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் ஆயுதத்தோடு வந்து அவர்களை விரட்டிவிட்டார்கள். உடைத்த வாய் மீண்டும் அடைத்துக்கொண்டது, குழம்பு கட்டானியாவுக்கே போனது. இதில் டிராகனே தேவையில்லை; இரண்டு ஊர்களுக்கும் ஆளுக்கொரு நியாயம் இருக்கிறது, ஆட்டக்காரர்கள் எந்த ஊரில் இறங்குகிறார்கள் என்பதை மட்டும் தொடக்கத்தில் உருட்டிக்கொள்ளலாம். விதியாக எழுதி முடித்திருப்பது தோல் மட்டும்: நனைத்த தோல் போர்த்தியவருக்கு வெப்ப வளையத்தில் ஐந்து சுற்று சேதமில்லை, ஆறாவது சுற்றில் தோல் காய்ந்துவிடும், நனைக்கும் தொட்டி 60 அடி தள்ளி இருக்கும். கரையை உடைக்க எத்தனை சுற்று என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. எட்டு என்று வைத்தால் ஆட்கள் மாறி மாறி ஓட வேண்டியிருக்கும், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.